1729 ஏற்கெனவே போயாச்சு!

சென்ற இதழில் காவலூர் சிறுகோள் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினோம். வந்த கடிதங்களைப் பார்த்தால், ஜோசியத்துக்கும் சினிமாவுக்கும் இந்த வாரம் விடுமுறை விட வேண்டியதுதான். விட்டாயிற்று.

கே: வானத்தில் ராமானுஜன் பெயரில் ஒரு கல் சுற்றுகிறதாமே. நிஜமா, வாட்ஸ்அப் சரக்கா? (கும்பகோணம் வாசகர்)

நிஜம். 1988 பிப்ரவரி 17 அன்று, ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானியல் ஆய்வகத்திலிருந்து ஆர். ராஜமோகன் கண்டுபிடித்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கில் சுற்றும் கற்கூட்டத்தில் ஒன்று. எண் 4130, பெயர் ராமானுஜன். கணித மேதையின் நூற்றாண்டு நாள் 1987 டிசம்பர் 22. அது கழிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கல் கிடைத்துவிட்டது. பிறந்த ஊர் என்று ஈரோடும் வளர்ந்த ஊர் என்று நீங்களும் வழக்கம்போல் வாதாடலாம். அந்தக் கல் இருவருக்கும் சம தூரம்.

கே: ராமானுஜன் என்றாலே 1729. அந்த எண்ணுள்ள சிறுகோளுக்கு அவர் பெயரை வைத்திருந்தால் எவ்வளவு பொருத்தம்! ஏன் யாருக்கும் தோன்றவில்லை? (கணக்கு ஆசிரியர், நாமக்கல்)

தோன்றினாலும் பயனில்லை சார், 1729 ஏற்கெனவே போயாச்சு. அந்த எண்ணில் சுற்றுகிறவர் பெரில். 1963 செப்டம்பரில் அமெரிக்காவின் இண்டியானாவில் கண்டுபிடித்த கல். பெயருக்குரியவர் பெரில் பாட்டர், அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் சிறுகோள் திட்டத்தில் உதவியாளராக இருந்த பெண்மணி. 1949 முதல் 1966 வரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்படத் தகடுகளை உட்கார்ந்து அளந்தவர். வழி தவறிய சிறுகோள்கள் எங்கே போயின என்று தேடிப் பிடிக்கிற வேலை. பார்த்த கண் பூத்திருக்கும். அவரிடமிருந்து எண்ணைப் பிடுங்கி நம்மவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது. ராமானுஜனுக்கும் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நமக்கு வாய்த்த 4130 கொஞ்சம் சப்பென்ற எண்தான். 2 × 5 × 7 × 59. இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்றால் அதற்கும் மசியாது. படுக்கையில் கிடந்தபடி 1729 என்ற டாக்சி எண்ணில் அதிசயம் பார்த்த மனிதர் இதிலும் ஏதாவது கண்டுபிடித்திருப்பார். உங்கள் பிளஸ் டூ பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்களேன்.

கே: பெயர் வைக்குமுன் அதை "1988 டி.க்யூ.1" என்று அழைத்தார்களாம். லாரி நம்பர் மாதிரி இருக்கிறதே? (திருப்பத்தூர்)

லாரி நம்பரைவிட விஷயம் அதிகம் உள்ளது. வருடம் தெரிகிறது. அடுத்த எழுத்து, வருடத்தின் எந்த அரை மாதம் என்பதைச் சொல்லும். ஜனவரி முதல் பாதி ஏ, பின்பாதி பி, பிப்ரவரி முதல் பாதி சி. 'டி' என்றால் பிப்ரவரி 16 முதல் மாதக் கடைசி வரை. ஆக, 17-ஆம் தேதி சரியாகப் பொருந்துகிறதா? அடுத்த எழுத்து அந்த அரை மாதத்தில் எத்தனையாவது கண்டுபிடிப்பு என்பது. ஒன்று என்ற எண்ணோடு குழம்பிவிடும் என்று 'ஐ'யைத் தள்ளிவிட்டார்கள், அதனால் ஒரு சுற்றுக்கு 25. 'க்யூ' பதினாறாவது. கடைசியில் உள்ள 1, ஒரு சுற்று முடிந்துவிட்டது என்று அர்த்தம். 25-உம் 16-உம் 41. உலகம் முழுக்க அந்த அரை மாதத்தில் பதிவானவற்றில் நம்முடையது நாற்பத்தொன்றாவது.

கே: கண்டுபிடித்தவுடனே பெயர் வைத்தால் என்ன? குழந்தைக்குக்கூடப் பதினோராம் நாள் வைத்துவிடுகிறோம். (இல்லத்தரசி, மதுரை)

குழந்தை எங்கேயும் போய்விடாதம்மா. இது போய்விடும். பிடிக்கிற விதத்தைப் பார்த்தால் புரியும்.

ஷ்மிட் தொலைநோக்கி என்று ஒரு வகை உண்டு. பேர்தான் தொலைநோக்கி, வேலை கேமரா வேலை. காவலூரில் இருந்தது 45 சென்டிமீட்டர் அளவு. விண்மீன்களைத் தொடர்ந்தபடியே அது மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும், அதனால் நெடுநேரம் படமெடுத்தாலும் விண்மீன் புள்ளியாகவே விழும். நடுவில் சிறுகோள் இருந்தால் அது மட்டும் நகர்ந்து, படத்தில் சின்னதாக ஒரு கீறல் போட்டுவிடும். சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கும் சமயம் ஒரு நாளைக்குக் கால் டிகிரி, அதாவது முழுநிலாவின் பாதி அகலம் நகரும். ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே இந்த மயிரிழைக் கீறலை உருப்பெருக்கி வைத்துத் தேட வேண்டும். தூசியா, ஃபிலிமில் பழுதா, நிஜக் கல்லா என்று தீர்மானிக்க மறுநாளும் அதே இடத்தைப் படமெடுக்க வேண்டும். மேகம் வந்தால் அதுவும் போச்சு.

கீறல் கிடைத்தால் பாதி வேலைகூட முடியவில்லை. எங்கே போகிறது, எத்தனை வருடத்தில் சூரியனைச் சுற்றுகிறது என்று கணக்கிட ஒரு மாதத்துப் படங்கள் போதாது. சூரியனுக்கு எதிர்த்திசைக்கு அது மறுபடி வர ஏறக்குறைய ஒன்றேகால் வருடம் ஆகும். இப்படிச் சில முறை வந்து, ஒவ்வொரு முறையும் கணக்குச் சொன்ன இடத்திலேயே நின்றால்தான் எண். பழைய படங்களில் அதே கல் வேறு அடையாளத்தில் சிக்கியிருந்தால் சீக்கிரம் முடியும். எண் வந்த பிறகுதான் பெயருக்கு விண்ணப்பமே போடலாம். இந்தக் கல் நமக்குக் கிடைத்தது கண்ணால் பாதி, கணக்கால் பாதி. கணக்குக்காரர் பெயர் வைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. ராமானுஜனுக்கு முந்தைய மாதமே, 1988 ஜனவரியில், ராஜமோகன் காவலூரில் இன்னொன்றைக் கண்டுபிடித்திருந்தார். மூத்தது அதுதான். ஆனால் அதற்கு எண் கிடைத்தது ரொம்பப் பிந்தி, 8348. பெயர் பட்டாச்சார்யா. 1977-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, கோளைச் சுற்றி வளையம் இருப்பதற்கான தடயத்தைக் காவலூரிலிருந்து பதிவு செய்தவர்களில் ஒருவரான ஜே.சி. பட்டாச்சார்யா. முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு முந்திவிட்டது.

கே: காவலூரின் சிறுகோள் தேடல் திட்டத்துக்குக் 'கல்கி' என்று பெயராமே? (பொன்னியின் செல்வன் ரசிகை, தஞ்சாவூர்)

ஆமாம். வந்தியத்தேவன் வால்நட்சத்திரம் பார்த்ததை நினைத்து மகிழ உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வானத்திலிருந்து என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்கு, கடைசியில் குதிரையேறி வரப்போகிற அவதாரத்தின் பெயர் இன்னும் பொருத்தம் என்பது என் கட்சி.

கே: ராமானுஜன் நம் தலையில் விழ வாய்ப்பு உண்டா? (பயந்த சுபாவம், கரூர்)

கணக்குப் பரீட்சையில் விழுந்தாலொழிய இல்லை. அது செவ்வாய்க்கு அப்பால் தன் பாதையில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது.

கே: வெறுங்கண்ணால் பார்க்க முடியுமா? (பிளஸ் ஒன் மாணவி, திண்டுக்கல்)

முடியாது. அந்தக் கூட்டத்திலேயே வெஸ்டா ஒன்றுதான் எப்போதாவது, நல்ல இருட்டில், நல்ல கண்ணுக்குத் தெரியும். காவலூருக்குப் போய்ப் பாருங்கள். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ராமானுஜனைக் காட்ட மாட்டார்கள். சனியின் வளையத்தைக் காட்டினாலே அன்று இரவு தூக்கம் வராது.

கே: ராமானுஜனுக்கு முன்னால் இந்தியாவிலிருந்து யாரும் சிறுகோள் கண்டுபிடிக்கவில்லையா? (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வேலூர்)

கண்டுபிடித்திருக்கிறார்கள் ஐயா, அதுவும் நுங்கம்பாக்கத்திலிருந்து. சிரிக்காதீர்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் அங்கே கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்துக்கு 1861-இல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் பொறுப்பாளராக வந்து சேர்ந்தார். வந்த சூட்டோடு, அதே வருடம் ஏப்ரல் 17-ஆம் தேதி ஒரு சிறுகோளைப் பிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். எண் 67. அப்போது சிறுகோள் தேடப் புகைப்படமெல்லாம் கிடையாது. விண்மீன் வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு, தொலைநோக்கியில் கண்ணைப் பதித்து, நேற்று இல்லாத புள்ளி இன்று எங்கே முளைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வரைபடம் சரியில்லாவிட்டால் அதையும் தானே போட வேண்டும். அப்படியே 1864-இல் சாஃபோ, 1866-இல் சில்வியா, 1868-இல் காமில்லா. ஆங்கிலேயர் சும்மா வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

இந்த சில்வியா லேசுப்பட்டவள் இல்லை. போக்சன் பார்த்தது ஒரு புள்ளி. சென்னைவாசி பார்த்த அந்தப் புள்ளிக்கு இரண்டு நிலாக்கள் இருப்பது 2005-இல் தெரியவந்தது. இரட்டை நிலா உள்ள சிறுகோள் என்று முதலில் அறியப்பட்டது அதுதான். புராண சில்வியாவின் பிள்ளைகள் ரோமுலஸ், ரீமஸ் பெயரையே நிலாக்களுக்கும் வைத்துவிட்டார்கள். பிறகு காமில்லாவுக்கும் இரண்டு நிலா கிடைத்தது. நுங்கம்பாக்கத்துக் கைராசி.

1885 பிப்ரவரியில் போக்சன் கண்டுபிடித்த வேராதான் மெட்ராஸின் கடைசி. 1891-இல் மெட்ராஸிலேயே காலமானார். ஆய்வகம் 1899-இல் கொடைக்கானலுக்கு மலையேறியது. அந்தப் பரம்பரையில் வந்ததுதான் இன்றைய இந்திய வானியற்பியல் கழகம், காவலூர் ஆய்வகம் அவர்களுடையது. ஆக வேராவுக்கும் 1988-க்கும் இடையே 103 வருடம், ஆனால் ஒரே வீட்டுக்காரர்கள். பழைய வீட்டின் கருங்கல் தூண் மட்டும் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. தமிழிலும் கல்வெட்டு உண்டு. அங்கே இப்போது விண்மீன் பார்ப்பதில்லை, மழை பார்க்கிறார்கள்.

கே: எல்லாம் வெள்ளைக்காரர் பெயராகவே இருக்கிறதே! கூட இருந்த நம் ஆட்கள் விளக்குப் பிடித்தார்களா? (கோபக்கார வாசகர், சிவகங்கை)

நியாயமான கோபம். போக்சனின் முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் தென்வானில் ஒளி ஏறி இறங்கும் ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தார், நவீனக் கருவிகளோடு இந்தியர் ஒருவர் செய்த முதல் வானியல் கண்டுபிடிப்பாக அதைச் சொல்வார்கள். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் ஃபெல்லோ. 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அது என்ன நிகழ்ச்சி என்று நம் மக்களுக்குப் புரியும்படி இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். பஞ்சாங்கக் கணக்கை வானத்தைப் பார்த்துத் திருத்துங்கள் என்றும் போராடினார். அதில் ஜெயிப்பது சிறுகோள் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம்.

வெள்ளைக்காரர்தான் என்றாலும் ஓரங்கட்டப்பட்ட இன்னொருவர் போக்சனின் மகள் ஐசிஸ். மூன்று வயதில் அவர் பெயரோடு ஒரு சிறுகோள் ஒத்துப்போய்விட்டது. அப்பா 1856-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுபிடித்த 42 ஐசிஸ். 1873-இலிருந்து மெட்ராஸ் ஆய்வகத்தில் கணக்குப் போடும் வேலை அவருக்கு. ராயல் வானியல் கழகத்தில் அவரைச் சேர்க்கச் சொல்லி 1886-இல் அப்பா முன்மொழிந்தார். சாசனத்தில் 'அவன்' என்று இருக்கிறது, 'அவள்' இல்லை என்று வக்கீல்கள் தடுத்துவிட்டார்கள். 1920-இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். வானத்தில் இடம் மூன்று வயதில், கழகத்தில் இடம் முப்பத்து நாலு வருடக் காத்திருப்புக்குப் பிறகு.

கே: எவ்வளவு கொடுத்தால் என் பெயரை ஒரு சிறுகோளுக்கு வைப்பார்கள்? ரேட் சொல்லவும். (தொழிலதிபர், திருப்பூர்)

140 வருடம் தாமதமாகக் கேட்கிறீர்கள். யோஹான் பாலிஸா என்ற ஆஸ்திரியர், வெறும் கண்ணையும் தொலைநோக்கியையும் வைத்து 122 சிறுகோள்கள் பிடித்தவர், 1886 சூரிய கிரகணத்தைப் பார்க்கப் போகப் பயணச் செலவுக்குப் பணம் இல்லாமல் தவித்தார். தன் புதுச் சிறுகோளுக்குப் பெயர் வைக்கும் உரிமை 50 பவுன் என்று 1885-இல் விளம்பரம் கொடுத்தார். வியன்னாவின் கோடீஸ்வரர் ரோத்ஸ்சைல்டு வாங்கி, மனைவி பெட்டினாவின் பெயரை வைத்தார். 250 பெட்டினா இன்றும் சுற்றுகிறார்.

இப்போது அந்தக் கடை மூடிவிட்டார்கள். சர்வதேச வானியல் கழகத்தின் குழுதான் பெயரை ஏற்கும், காசு வாங்காது, வியாபாரப் பெயரும் கூடாது. பனியன் பிராண்டு பெயருக்கு வேறு இடம் பாருங்கள். "விண்மீனுக்கு உங்கள் பெயர், சான்றிதழ் வீட்டுக்கு வரும்" என்று யாராவது பணம் கேட்டால், சான்றிதழ் வரும். விண்மீனுக்குச் சேதி போகாது.

கே: எங்கள் தலைவர் பெயரை வைக்க என்ன செய்ய வேண்டும்? (கட்சித் தொண்டர், ஊர் வேண்டாம்)

பொறுத்திருக்க வேண்டும். அரசியல்வாதி, படைத்தலைவர் என்றால் மறைந்து நூறு ஆண்டு ஆக வேண்டும் என்பது விதி. இப்போதே மனுப் போடத் துடித்தால் தலைவருக்கு அது நல்ல சகுனமாகப் படாது.

முதல் சிறுகோளிலேயே இந்த வில்லங்கம் வந்துவிட்டது. 1801 புத்தாண்டு நாளில் சிசிலியில் அதைக் கண்டுபிடித்த பியாஸ்ஸி, தேவதை செரஸின் பெயரோடு தன் ராஜா ஃபெர்டினாண்டின் பெயரையும் ஒட்டிப் பார்த்தார். மற்ற நாட்டுக்காரர்கள் முகம் சுளிக்க, ராஜா உதிர்ந்துபோய் செரஸ் நின்றாள்.

கே: என் பூனை மிகவும் அறிவாளி. அதற்கு வாய்ப்பு உண்டா? (நாகர்கோவில்)

ஒரு பூனை முந்திக்கொண்டுவிட்டது. 1971-இல் அர்ஜென்டினாவில் ஜேம்ஸ் கிப்சன் கண்டுபிடித்த 2309-க்குப் பெயர் மிஸ்டர் ஸ்பாக். ஸ்டார் ட்ரெக் கதாபாத்திரம் என்றுதானே நினைத்தீர்கள்? நேரடியாக இல்லை. கிப்சன் வளர்த்த பூனையின் பெயர் அது. பூனைக்கும் கூர்மையான காது, பதறாத சுபாவம், அறிவு என்று காரணம் எழுதிக் கொடுத்தார். நிறையப் பேருக்கு எரிச்சல். அப்புறம் செல்லப்பிராணிப் பெயர்களைத் தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள். உங்கள் பூனையிடம் பக்குவமாகச் சொல்லவும்.

கே: விஸ்வநாதன் ஆனந்த் பெயரிலும் உண்டாமே? அவரும் காவலூர்தானா? (செஸ் பயிற்சியாளர், சென்னை)

பெயர் உண்டு, ஊர் ஜப்பான். கென்சோ சுசுகி 1988 அக்டோபரில் கண்டுபிடித்தது, ராமானுஜனுக்கு எட்டு மாதம் இளையது. எண் 4538. கண்டுபிடித்தவருக்குப் பெயர் சொல்லும் முன்னுரிமை எண் வந்து பத்து வருடம்தான். அது கழிந்தும் கல் அநாமதேயமாகவே சுற்றியது. சிறுகோள்களின் பதிவேட்டைப் பராமரிக்கும் அமெரிக்க மையத்தில் இருந்த செஸ் ரசிகர் ஒருவர் முன்மொழிய, 2015-இல் 'விஷியானந்த்' ஆயிற்று. முழுப் பெயர் வைக்கலாமே என்று கேட்காதீர்கள். பதினாறு எழுத்துக்குள் அடங்க வேண்டும், ஒரே சொல்லாக இருந்தால் உத்தமம்.

விஞ்ஞானி சந்திரசேகர் பெயரிலும் '1958 சந்திரா' என்று ஒன்று இருக்கிறது. 1958-இல் கண்டுபிடித்தது என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்தால் நம்பாதீர்கள். 1958 அதன் எண். கண்டுபிடித்த வருடம் 1970.

கே: ராமானுஜனுக்கும் வானியலுக்கும் ஸ்நானப்பிராப்தி உண்டா? பெயர் வைக்க ஒரு கணக்குக்காரர்தான் கிடைத்தாரா? (மயிலாப்பூர்)

உண்டு. 1913-இல் மெட்ராஸ் துறைமுகத்தில் அவர் குமாஸ்தா. இந்திய வானாய்வகங்களின் தலைமை இயக்குநர் கில்பர்ட் வாக்கர் அந்தச் சமயம் மெட்ராஸ் வந்தார். அவரே கேம்பிரிட்ஜில் படித்த பெரிய கணிதக்காரர். குமாஸ்தாவின் நோட்டுகளைக் காட்டினார்கள். இந்த இளைஞருக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லாமல் கணக்குப் போட வழி செய்யுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அதையொட்டித்தான் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டியின் கதையை எல்லோரும் சொல்கிறோம், வாக்கரை விட்டுவிடுகிறோம். வானாய்வகத் தலைவர் அன்று எழுதிய சிபாரிசுக்கு, 75 வருடம் கழித்து அதே துறைக்காரர்கள் ஒரு கல்லையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

கே: ஜாதகக் கட்டத்தில் 4130 ராமானுஜனை எங்கே வைப்பது? (ஜோதிட ஆர்வலர், காரைக்குடி)

ஒன்பது பேரை வைத்துக்கொண்டே கல்யாணம் தட்டிப்போகிறது. ஏழு லட்சம் பேரை உள்ளே விட்டால் எந்தப் பிள்ளைக்கும் பெண் கிடைக்காது.

கே: ஏழு லட்சமா? அப்படியானால் பெயர்கள் தீர்ந்துவிடாதா? (மேற்படி பதிலைக் கேட்டு அதிர்ந்த சக ஆசிரியர், பக்கத்து மேஜை)

நம் தெருவில் நாலு செந்தில் இருந்தால் இனிஷியல் போட்டுச் சமாளிப்போம். வானத்தில் அது செல்லாது, ஏற்கெனவே உள்ள பெயரை ஒத்திருந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் கவலைப்படாதீர்கள். எண் பெற்றவை ஏழு லட்சத்துக்கு மேல், பெயர் பெற்றவை இருபதாயிரத்துச் சொச்சம்தான். காலியிடம் ஏராளம். முதலில் ஒரு கல்லைக் கண்டுபிடித்துவிட்டு வாருங்கள், விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன்.